போலி நியாயங்களை இனங்காணல்: பாதகமான பிழையும் சாதகமான பிழையும்

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 632இன் தொடக்கத்தில், நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மதீனாவில் குழந்தைப் பருவத்திலேயே மரணமடைந்தார். அன்றைய தினம் சூரிய கிரகணமும் நிகழ்ந்தது. இவ்விரு நிகழ்வுகளையும் ஒருங்கே கண்ட மக்கள், இப்ராஹீமின் மறைவுக்காகவே சூரியன் ஒளியிழந்தது எனப் பேசிக்கொண்டனர். இச்செய்தி நபியவர்களை எட்டியது. அவர்கள் மக்களுக்குத் தொழுகை நடத்தினார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளுள் இரண்டு என்றும், எவருடைய மரணத்திற்காகவோ வாழ்விற்காகவோ அவை கிரகணம் அடைவதில்லை என்றும் தெளிவுபடுத்தினார்கள். முகீரா இப்னு ஷுஃபா (ரலி) முதலான ஸஹாபாக்கள் வாயிலாக இந்நிகழ்வு ஆதாரபூர்வமான ஹதீஸ் தொகுப்புகளில் பதிவாகியுள்ளது.

கிரகணத் தொழுகை பற்றிய சட்ட விளக்கத்தின் போதே இந்த ஹதீஸ் பெரும்பாலும் எடுத்தாளப்படுகின்றது. ஆனால் அறிவாராய்ச்சி முறை பற்றிய ஆழமான ஒரு போதனையும் இதில் அடங்கியுள்ளது. மக்கள் கூறிய கருத்தின் அமைப்பைச் சற்று நோக்குவோம். இரு நிகழ்வுகள் ஒரே நேரத்தில் நடந்தன; ஆகவே ஒன்று மற்றதற்குக் காரணம் என்பதே அவர்களது வாதம். காக்கை ஏறப் பனம்பழம் விழுந்த கதை எனத் தமிழில் நாம் வழங்குவது இதனையே. காக்கை அமர்ந்ததும் உண்மை, பழம் விழுந்ததும் உண்மை. இரண்டையும் இணைக்கும் 'ஆகவே' என்பது மட்டுமே பொய்.

இங்கு சிந்திக்க வேண்டிய இன்னொரு விடயமும் உண்டு. அம்மக்களின் கருத்து நபியவர்களுக்கு எதிரானதன்று. அது முழுக்க அவர்களுக்குச் சாதகமானது. அவர்களது அந்தஸ்தை மக்கள் மனதில் அது மேலும் உயர்த்தியிருக்கும். மகனை இழந்த துயரத்தில் இருந்த ஒருவர் அதனை மறுக்காது மௌனமாக இருந்திருந்தால் எவரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். ஆயினும் அன்றைய தினமே அந்தப் பிழை திருத்தப்பட்டது. பிழையான ஒரு வாதம் நமக்குச் சாதகமாக அமையும்போதும் அதனைப் பிழை எனக் கூற முன்வருவதே நேர்மையான சிந்தனையின் உரைகல் என்பதை இந்நிகழ்வு கற்பிக்கின்றது. இக்கட்டுரை விளக்க முற்படுவதும் அதனையே.

போலி நியாயம் என்பது யாது?

ஒரு வாதத்தில் எடுகூற்றுகளும் அவற்றிலிருந்து பெறப்படும் முடிவும் இருக்கும். எடுகூற்றுகள் முடிவைத் தாங்கி நிற்பதுபோல் தோன்றி, உண்மையில் தாங்காதிருக்குமாயின் அதுவே போலி நியாயம் எனப்படும். போலி நாணயம் நல்ல நாணயத்தின் வடிவை ஒத்திருப்பதுபோல, போலி நியாயமும் நல்ல நியாயத்தின் வடிவை ஒத்திருக்கும். எனவேதான் அது எளிதில் கைமாறுகின்றது.

ஓர் உதாரணத்தை நோக்குவோம். நல்ல மருத்துவர்கள் அனைவரும் நோயாளியின் பேச்சைப் பொறுமையாகக் கேட்பர். இவர் பொறுமையாகக் கேட்கிறார். ஆகவே இவர் நல்ல மருத்துவர். முதற்பார்வையில் இது சரியாகவே தோன்றும். ஆனால் பொறுமையாகக் கேட்பவர் அனைவரும் நல்ல மருத்துவர்கள் என்று முதற்கூற்று சொல்லவில்லை. மருந்து பற்றி ஏதும் அறியாத ஒருவரும் பொறுமையாகக் கேட்கலாம். இங்கு கவனிக்க வேண்டியது யாதெனில், குறித்த மனிதர் உண்மையிலேயே சிறந்த மருத்துவராக இருக்கவும் கூடும். முடிவு உண்மையாக இருப்பதனால் வாதம் சரியாகிவிடாது. வாதம் பிழையாக இருப்பதனால் முடிவு பொய்யாகிவிடவும் மாட்டாது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி நோக்கப் பழகுவதே விமர்சனப் பாங்கான வாசிப்பின் முதற்படியாகும். ஒரு முடிவின் மீது நமக்குள்ள பற்று, அதற்காக முன்வைக்கப்படும் ஒவ்வொரு வாதத்தையும் ஏற்கும்படி நம்மைக் கட்டாயப்படுத்துவதில்லை.

போலி நியாயங்களை வகைப்படுத்தி ஆராயும் மரபு மிகத் தொன்மையானது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டோட்டில், ஸோபிஸ்டுகளின் வாதங்கள் பற்றித் தனிநூல் ஒன்றை எழுதி, 13 வகைப் போலிகளை எடுத்துரைத்தார். அவற்றுள் 6 மொழியினால் எழுவன. ஏனைய 7 மொழிக்கு அப்பாற்பட்ட காரணங்களால் எழுவன. அப்பாஸிய கால மொழிபெயர்ப்பு இயக்கத்தின் மூலம் இந்நூல் அரபு மொழியை வந்தடைந்தது. கி.பி. 950இல் மறைந்த அல்ஃபாராபி இத்துறையில் எழுதினார். இப்னு ஸீனா தமது 'அஷ்ஷிஃபா' பெருநூலின் அளவையியல் பகுதியில் 'ஸஃப்ஸதா' எனும் தலைப்பில் தனிப்பிரிவொன்றை இதற்கென ஒதுக்கினார். பின்னர் ஸ்பெயினில் இப்னு ருஷ்தும் இதற்கு விளக்கம் எழுதினார். பிழை எனப் பொருள்படும் 'ஃகலத்' எனும் வேரிலிருந்து பிறந்த 'முகாலதா' என்பதே போலி நியாயத்திற்கு அரபு அறிஞர்கள் வழங்கிய பெயராகும்.

தமிழ் மொழிக்கும் இத்துறை புதிதன்று. பௌத்த காப்பியமான மணிமேகலையின் 29ஆம் காதை, வாதத்தின் கூற்று, காரணம், எடுத்துக்காட்டு ஆகிய ஒவ்வொன்றிலும் நேரக்கூடிய போலிகளை விரிவாக வகைப்படுத்துகின்றது. நாம் இன்று பயன்படுத்தும் 'போலி' எனும் சொல்லின் பின்னே இத்தகைய நீண்டதோர் அறிவு மரபு நிற்கின்றது. இலங்கையில் உயர்தர வகுப்பு மாணவர்கள் அளவையியலை ஒரு பாடமாகவே கற்கின்றனர். எனினும், பரீட்சைத் தாளில் போலியை இனங்காணும் ஒருவர், தமது கைத்தொலைபேசிக்கு வரும் செய்தியிலும் தாம் விரும்பிக் கேட்கும் உரையிலும் அதனை இனங்காண்கிறாரா என்பதே நம்முன் உள்ள வினாவாகும்.

இமாம் கஸ்ஸாலி காட்டிய வழி

இவ்வினாவுக்கு விடைதேட முற்படுவோர்க்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'அல்முன்கித் மினழ் ழலால்' மிகவும் பயன்தரும் நூலாகும். கி.பி. 1058இல் தூஸ் நகரில் பிறந்த இமாமவர்கள், பக்தாதின் நிழாமிய்யாவில் புகழின் உச்சியில் இருந்தபோது, 1095இல் அப்பதவியைத் துறந்து வெளியேறினார்கள். 1111இல் நிகழ்ந்த தமது மறைவுக்குச் சில ஆண்டுகள் முன்னர் எழுதிய இச்சிறுநூலில், உறுதியான அறிவைத் தேடிய தமது பயணத்தை விவரிக்கிறார்கள். அதனூடே, மனிதர்கள் எவ்வாறெல்லாம் பிழையாக முடிவெடுக்கின்றனர் என்பதையும் துல்லியமாக எடுத்துக்காட்டுகிறார்கள்.

நூலின் தொடக்கத்திலேயே ஓர் உதாரணம் வருகின்றது. பத்து மூன்றைவிடப் பெரியது என்பது எனக்குத் தெரியும். ஒருவர் வந்து, மூன்றே பெரியது எனக் கூறி, அதற்குச் சான்றாகத் தமது கைத்தடியைப் பாம்பாக மாற்றிக் காட்டுகிறார். நான் அதனைக் கண்ணாரக் கண்டாலும் எனது அறிவில் ஐயம் கொள்ள மாட்டேன். அவர் அதனை எவ்வாறு செய்தார் என வியப்பேனேயன்றி வேறில்லை என்கிறார்கள் இமாமவர்கள். தடி பாம்பாவதற்கும் எண்களின் அளவுக்கும் எத்தொடர்பும் இல்லை. தொடர்பற்ற சான்று எவ்வளவு பிரமிப்பூட்டுவதாயினும் அது சான்றாகாது.

அடுத்து, கணிதக் கலையினால் விளையும் இரு தீங்குகளை அவர்கள் குறிப்பிடுகிறார்கள். கணிதத்தில் தவறில்லை, அதனைக் கண்டு மனிதர் செய்யும் அனுமானத்திலேயே தவறு உள்ளது. மெய்யியலாளரின் கணிதம் எவ்வளவு துல்லியமானது என்பதைக் காணும் ஒருவர், அவர்களது ஏனைய கருத்துகளும் அவ்வாறே துல்லியமானவை என எண்ணிவிடுகிறார். மார்க்கம் உண்மையாயின் இத்தகைய அறிவாளிகளுக்கு அது புலப்படாது போயிருக்குமா எனக் கேட்டு, அவர்களைக் கண்மூடிப் பின்பற்றுகிறார். ஒரு துறையின் நிபுணத்துவத்தை இன்னொரு துறைக்குக் கடத்திச் செல்லும் இப்பிழை முதலாவது தீங்காகும்.

இரண்டாவது தீங்கு இஸ்லாத்தின் அறிவற்ற நண்பனிடமிருந்து எழுகின்றது. மெய்யியலாளருக்குரிய ஒவ்வோர் அறிவையும் மறுப்பதே மார்க்கத்திற்குச் செய்யும் உதவி என இவர் கருதுகிறார். கிரகணம் பற்றி அவர்கள் கூறும் கணித விளக்கத்தையும் மார்க்கத்திற்கு முரணானது என மறுத்துவிடுகிறார். அவ்விளக்கத்தை உறுதியான சான்றுகளோடு அறிந்த ஒருவர் இதனைச் செவியுறும்போது தமது கணிதத்தில் ஐயம் கொள்ள மாட்டார். இஸ்லாம் அறியாமையின் மீது கட்டப்பட்டது என்றே எண்ணத் தலைப்படுவார். இவ்விடத்தில் இமாமவர்கள், நாம் தொடக்கத்தில் கண்ட கிரகண ஹதீஸையே எடுத்துக்காட்டி, கணித விளக்கத்தை மறுக்க வேண்டிய எதுவும் அதில் இல்லை என நிறுவுகிறார்கள். மார்க்கத்தைப் பிழையான வழியில் பாதுகாக்க முனைபவரால் அதற்கு விளையும் சேதம் பாரதூரமானது என்பதே அவர்களது எச்சரிக்கையாகும்.

மேலும், சொல்லப்பட்டதை ஆராயாது சொன்னவரை வைத்து ஏற்பதையும் மறுப்பதையும் அவர்கள் கண்டிக்கிறார்கள். இரத்தம் குத்தி எடுப்பவரின் குவளையில் தேன் இருந்தால், குவளையைக் கண்டு தேனையே அருவருப்பது அறியாமை என உவமிக்கிறார்கள். தேனின் தன்மை அதன் பாத்திரத்தினால் மாறுவதில்லை. கைதேர்ந்த நாணய மாற்றுநர் போலி நாணயம் நிறைந்த பையிலும் கைவிட்டு நல்ல பொன்னைப் பிரித்தெடுப்பார் எனும் உவமையும் இதனோடு இணைந்தே வருகின்றது. மனிதரை வைத்து உண்மையை அறிய முற்படாது, உண்மையை அறிந்து அதன்வழி மனிதரை மதிப்பிட வேண்டும் எனும் அலி (ரலி) அவர்களின் கருத்தை இமாமவர்கள் இங்கு நினைவூட்டுகிறார்கள்.

பாதகமான பிழை: நிலத்தடி நீர் பற்றிய வாதம்

இவ்வடிப்படைகளை அண்மைக்கால நிகழ்வொன்றில் பொருத்திப் பார்ப்போம். கொவிட் தொற்றுக் காலத்தில், 2020 ஏப்ரலில் இலங்கையில் வெளியான வர்த்தமானி அறிவித்தல், அந்நோயினால் இறப்போரின் உடல்களைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்தால் வைரஸ் நிலத்தடி நீரில் கலந்து பரவக்கூடும் என்பது இதற்கு முன்வைக்கப்பட்ட முக்கிய வாதமாகும். அடக்கம், தகனம் ஆகிய இரண்டும் ஏற்கத்தக்கவை என உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. எனினும் இக்கட்டாயம் 2021 பெப்ரவரி இறுதி வரை நீடித்தது. இடைப்பட்ட காலத்தில் 200க்கும் மேற்பட்ட முஸ்லிம்களின் உடல்கள் எரிக்கப்பட்டன. பிறந்து 20 நாட்களேயான ஒரு குழந்தையின் உடலும் அவற்றுள் ஒன்று.

வாதத்தின் அமைப்பை உணர்ச்சியிலிருந்து பிரித்து ஆராய்வோம். வைரஸ் நீரில் கலந்து பரவும் என்பதற்குச் சான்று காட்டப்பட்டதா? இல்லை. பரவாது என்பது நிறுவப்படவில்லை; ஆகவே பரவும் எனக் கொள்ள வேண்டும் என்பதே வாதத்தின் உள்ளமைப்பு. அறியாமையையே சான்றாக்கும் போலி இது. ஒன்றைச் சாதிப்பவரே அதற்குச் சான்று தரக் கடமைப்பட்டவர் என்பது நியாயத்தின் பொதுவிதி. இஸ்லாமிய நீதி முறையிலும் சான்று முன்வைக்கும் பொறுப்பு வாதியையே சாரும். இவ்வாதமோ அப்பொறுப்பை மறுதரப்பின் தலையில் சுமத்தியது.

முன்னெச்சரிக்கை தேவையில்லையா என ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. தொற்றின் தொடக்க நாட்களில், அறியாத ஆபத்தொன்றின் முன்னே கூடுதல் எச்சரிக்கையோடு நடந்துகொள்வதைத் தவறென்று கூற முடியாது. ஆனால் எச்சரிக்கை என்பது தற்காலிகமான ஓர் ஏற்பாடு. உலகின் பெரும்பாலான நாடுகள் அடக்கம் செய்துகொண்டிருந்தன. அதனால் நீர்வழித் தொற்று ஏற்பட்டதாகச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. 2021 ஜனவரியில் இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கத்தை அனுமதிக்கலாம் எனும் நிலைப்பாட்டை வெளியிட்டது. இதன் பின்னரும் அதே முடிவில் நிற்பது, முடிவை முன்னரே தீர்மானித்துவிட்டுச் சான்றைப் புறக்கணிப்பதாகவே அமையும். 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கங்கள் ஆரம்பமாயின. 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை கட்டாயத் தகனத்திற்காக மன்னிப்புக் கோர முடிவு செய்தது. ஒரு போலி நியாயம் வெறும் ஏட்டுப் பிழையன்று. அது ஒரு தாயின் மடியிலிருந்து குழந்தையின் உடலைப் பறித்துச் செல்லக்கூடியது என்பதற்கு இது துயரமான சான்றாகும்.

ஆயினும் நமது ஆய்வு இத்துடன் முடிந்துவிடலாகாது. இவ்வாதத்தை மறுப்பதிலும் இரு வழிகள் இருந்தன. சான்று எங்கே எனக் கேட்பது ஒரு வழி. இதனைச் சொல்வோர் நம்மை வெறுப்பவர்கள், ஆகவே இவர்கள் சொல்வது பொய் என்பது மற்றொரு வழி. வெறுப்பு இருந்ததா என்பது வேறு விடயம். அது தனியே ஆராயப்பட வேண்டியது. வெறுப்புள்ளவர் சொல்வதும் சிலவேளை உண்மையாகலாம். ஆகவே இரண்டாவது வழி, குவளையைக் கண்டு தேனை மறுப்பதற்கு ஒப்பானது. அவ்வாறே, சுகாதாரத் துறையினர் இவ்விடயத்தில் தவறினர், ஆகவே தொற்று பற்றிய அவர்களது எந்த அறிவுரையும் ஏற்கத்தக்கதன்று என முடிவு செய்வதும் ஒரு பிழையிலிருந்து எல்லாவற்றுக்கும் தாவும் அவசரப் பொதுமையாக்கமேயாகும். ஒரு கூட்டத்தாரின் மீதுள்ள பகைமை நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யலாகாது என அல்குர்ஆன் (5:8) கட்டளையிடுகின்றது. வாதங்களை எடைபோடும்போதும் இக்கட்டளை நம்மைப் பிணிக்கின்றது.

சாதகமான பிழை: சந்திரனில் ஒலித்த அதான்

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 1969 ஜூலையில் சந்திரனில் முதன்முதலாகக் கால்பதித்த நீல் ஆம்ஸ்ட்ரோங் அங்கே ஓர் ஓசையைக் கேட்டார். பின்னர் எகிப்து சென்றபோது அது அதான் என அறிந்து இஸ்லாத்தைத் தழுவினார் எனும் கதையைச் செவியுறாத வாசகர்கள் மிகச் சிலராகவே இருப்பர். எகிப்து முதல் இந்தோனேசியா வரை இது பரவியது. ஆம்ஸ்ட்ரோங் இதனை மறுத்தார். 1983 மார்ச்சில் ஐக்கிய அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம், அவர் இஸ்லாத்தைத் தழுவவில்லை எனத் தனது தூதரகங்களுக்கு அறிவித்தது. 2012இல் அவர் காலமாகும் வரையிலும் அதன் பின்னரும் கூட இக்கதை ஓயவில்லை.

இதனை நம்பியவர்கள் ஏன் ஆராயவில்லை? அது இனிமையாக இருந்தது என்பதே காரணம். ஆராய்ந்திருந்தால் பல ஓட்டைகள் புலப்பட்டிருக்கும். ஒலி பரவுவதற்கு ஊடகம் தேவை. சந்திரனிலோ காற்று மண்டலம் இல்லை எனலாம். இது பாடசாலை மாணவரும் அறிந்த விடயம். அடுத்து, ஆம்ஸ்ட்ரோங் லெபனானில் குடியேறினார் எனும் பேச்சு. அவர் வாழ்ந்தது ஐக்கிய அமெரிக்காவின் ஓஹயோ மாநிலத்தில் உள்ள லெபனன் எனும் சிற்றூருக்கு அருகில். ஒரு பெயர் இரு இடங்களைச் சுட்ட, கேட்டவர் தமக்கு உவப்பானதை எடுத்துக்கொண்டார். ஒரு சொல்லின் இரு பொருள்களைக் குழப்புவது அரிஸ்டோட்டில் சுட்டிய மொழிசார் போலிகளுள் முதன்மையானது.

இவற்றைவிட முக்கியமானதொரு கேள்வி உண்டு. ஒரு பேச்சுக்காக, அவர் உண்மையிலேயே இஸ்லாத்தைத் தழுவினார் என வைத்துக்கொள்வோம். அதனால் எது நிரூபணமாகும்? சந்திரனில் நடந்தவருக்கு விண்கலம் பற்றிய அறிவு நிச்சயம் உண்டு. இறைவெளிப்பாட்டின் உண்மை பற்றி அவர் கூறுவதற்கு அப்பயணம் தனி மதிப்பு எதனையும் வழங்காது. பாம்பாக மாறிய தடி எண்களுக்குச் சான்றாகாதது போலவே, சந்திரப் பயணமும் மார்க்கத்திற்குச் சான்றாகாது.

அத்துடன், இவ்வாதத்தைத் தலைகீழாக்கிப் பாருங்கள். அதே பயணத்தில் ஆம்ஸ்ட்ரோங்குடன் சென்ற பஸ் ஆல்ட்ரின், சந்திரனில் இறங்கிய கலத்தினுள் தமது கிறிஸ்தவ சமயச் சடங்கொன்றை நிறைவேற்றினார். 1971இல் சந்திரனில் நடந்த ஜேம்ஸ் இர்வின் திரும்பி வந்து கிறிஸ்தவ ஊழியத்திற்கென ஓர் அமைப்பையே நிறுவினார். இவை பதிவு செய்யப்பட்ட உண்மைகள். சந்திரன் சென்றவரின் நம்பிக்கை அந்நம்பிக்கையின் உண்மைக்குச் சான்று என்பது நமது விதியாயின், இவற்றுக்கு நாம் என்ன விடை கூறுவோம்? அவற்றைச் சான்றாக ஏற்க மாட்டோம் என்பது உறுதி. அப்படியாயின், ஆம்ஸ்ட்ரோங்கின் கதையைச் சான்றாக ஏற்றது எதனால்? அளப்பதற்கு ஒரு தராசையும் கொடுப்பதற்கு வேறொரு தராசையும் நாம் வைத்திருந்தோம் என்பதே இதன் பொருள்.

சார்பாகச் சொல்லப்படும் பொய்

நல்ல நோக்கத்திற்காக ஒரு பலவீனமான சான்றைப் பயன்படுத்தினால் என்ன குறை எனச் சிலர் கேட்கின்றனர். மக்கள் அதனால் ஈமானில் உறுதி பெறுகிறார்களே என்கின்றனர். இக்கேள்வி புதிதன்று, ஹதீஸ் கலை அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இதனை எதிர்கொண்டு விடையளித்துள்ளனர்.

மர்வ் நகரின் காழியாக இருந்த நூஹ் இப்னு அபீ மர்யம், அல்குர்ஆனின் ஒவ்வொரு ஸூராவின் சிறப்பையும் கூறும் ஹதீஸ்களைப் புனைந்தவராக ஹதீஸ் கலை நூல்களில் குறிப்பிடப்படுகிறார். மக்கள் அபூ ஹனீஃபாவின் ஃபிக்ஹிலும் இப்னு இஸ்ஹாக்கின் வரலாற்றிலும் மூழ்கி அல்குர்ஆனைப் புறக்கணித்தனர். அவர்களை மீட்கவே அவ்வாறு செய்தேன் என்பது அவர் கூறியதாகப் பதிவாகியுள்ள காரணம். நோக்கம் உயர்ந்தது, அழைக்கப்பட்ட இடமோ அல்குர்ஆன். ஆயினும் ஹதீஸ் கலை அறிஞர்கள் அவரை மன்னிக்கவில்லை. அவரது அறிவிப்புகளை நிராகரித்தனர்.

கர்ராமிய்யாப் பிரிவினர் சிலர் இதற்கு ஒரு தர்க்க நியாயத்தையே உருவாக்கினர். நபியவர்கள் மீது பொய்யுரைப்பது நரகத்திற்கு இட்டுச் செல்லும் என எச்சரிக்கும் ஹதீஸில் வரும் சொல் 'எதிராக' எனவும் பொருள்படும். நாமோ அவர்களுக்கு எதிராகப் பொய்யுரைக்கவில்லை, சார்பாகவே பொய்யுரைக்கிறோம் என வாதிட்டனர். ஒரு சிற்றிடைச்சொல்லின் பொருளைத் திரித்து எழுப்பப்பட்ட இவ்வாதம் போலி நியாயத்திற்கு மிகச் சிறந்த உதாரணமாகும். இமாம் நவவி (ரஹ்) போன்றோர் இதனைக் கடுமையாக மறுத்தனர். ஒருவர் சொல்லாததைச் சொன்னதாகக் கூறுவதில் சார்பு, எதிர்ப்பு எனும் வேறுபாடு இல்லை, பொய் பொய்யே. ஹிஜ்ரி 6ஆம் நூற்றாண்டில் இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) புனையப்பட்ட ஹதீஸ்களுக்கெனத் தனி நூலையே தொகுத்தார்கள். அதில் இடம்பெற்றவற்றுள் கேட்பதற்கு இனிமையான, பக்தியைத் தூண்டும் கூற்றுகள் பல உண்டு. நமது முன்னோர் தமக்கு இனிமையானவற்றையே முதலில் சல்லடையில் இட்டனர் என்பது நாம் பெருமைப்படத்தக்க மரபாகும்.

வாசகர் தம்மைத்தாமே கேட்க வேண்டியவை

இதுவரை கூறியவற்றிலிருந்து, எந்தவோர் எழுத்தையும் உரையையும் அணுகும்போது நாம் எழுப்ப வேண்டிய சில கேள்விகளைத் தொகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, இங்கே நிறுவப்படும் முடிவு யாது, அதற்குத் தரப்படும் சான்று யாது? பல எழுத்துகளில் முடிவு உரத்த குரலில் ஒலிக்கும்; சான்று இருக்க வேண்டிய இடத்தில் அடைமொழிகளே நிறைந்திருக்கும். இரண்டையும் ஒரு தாளில் தனித்தனியே எழுதிப் பார்த்தாலே பாதித் தெளிவு கிடைத்துவிடும்.

இரண்டாவது, சொல்லப்படாது மறைந்து நிற்கும் எடுகூற்று எது? நெருப்பால் படைக்கப்பட்ட நான் மண்ணால் படைக்கப்பட்டவரைவிட மேலானவன் என இப்லீஸ் வாதிட்டதாக அல்குர்ஆன் (7:12) எடுத்துரைக்கின்றது. படைக்கப்பட்ட மூலப்பொருள் பற்றிய அவனது கூற்றில் பொய்யில்லை. நெருப்பு மண்ணைவிட மேலானது, மூலப்பொருளின் மேன்மையே படைப்பின் மேன்மையைத் தீர்மானிக்கும் என்ற இரு மறைகூற்றுகளிலேயே அவனது பிழை ஒளிந்திருந்தது. குலத்தையும் இனத்தையும் முன்வைத்து இன்றுவரை எழுப்பப்படும் உயர்வு தாழ்வு வாதங்கள் யாவும் இதன் வழித்தோன்றல்களே.

மூன்றாவது, முக்கியமான சொற்கள் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே பொருளில் நிற்கின்றனவா?

நான்காவது, வாதம் கருத்தைப் பற்றியதா, கருத்தைச் சொன்னவரைப் பற்றியதா? இங்கு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். அறியாதவற்றை அறிந்தோரிடம் கேட்குமாறு அல்குர்ஆன் (16:43) பணிக்கின்றது. நோய்க்கு மருத்துவரையும் சட்டத்திற்குச் சட்ட அறிஞரையும் நாடுவது போலி நியாயமன்று. ஒருவரது புகழை அவரது துறைக்கு அப்பால் கொண்டு செல்வதே போலி. செய்தி கொண்டுவருபவரின் நம்பகத்தன்மையைத் தெளிவாக விசாரிக்குமாறு கூறும் வசனம் (49:6) இதற்கு முரணானதன்று. சாட்சியத்தில் சாட்சியின் நேர்மை முக்கியம். வாதத்தில் வாதத்தின் வலிமையே முக்கியம்.

ஐந்தாவது கேள்வியே மிகக் கடினமானது. இதே வாதத்தை எனது எதிர்த்தரப்பினர் தமது முடிவுக்காக முன்வைத்தால் நான் ஏற்பேனா? ஏற்க மாட்டேன் என்பது விடையாயின், இப்போதும் அதனை ஏற்க எனக்கு உரிமையில்லை. உங்களுக்கே பாதகமாக இருப்பினும் நீதிக்குச் சாட்சியாளர்களாக நில்லுங்கள் எனும் இறைகட்டளையின் (4:135) பொருளை வாசிப்பு மேசையில் உணரச் செய்யும் கேள்வி இது.

ஓர் எச்சரிக்கையும் அவசியமாகின்றது. போலிகளின் பெயர்களைக் கற்றுக்கொண்டவர் அவற்றையே ஆயுதமாக்கி, எதிரில் இருப்பவரின் ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு பெயரைச் சூட்டி வாயடைக்க முற்படலாம். பெயர் சூட்டுவது மறுப்பாகாது. பிழை எங்குள்ளது எனக் காட்டுவதே மறுப்பு. கி.பி. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த ஷம்ஸுத்தீன் அஸ்ஸமர்கந்தி போன்றோர் வளர்த்த 'ஆதாபுல் பஹ்ஸ்' எனும் விவாத ஒழுங்கியல், இரு தரப்பாரும் உண்மையைத் தேடும் பங்காளிகள் எனும் அடிப்படையில் அமைந்தது. தம்மோடு விவாதிப்பவரின் நாவிலிருந்து உண்மை வெளிப்பட்டாலும் அதில் தமக்குக் கவலையில்லை எனும் கருத்து இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களைப் பற்றிப் புகழுடன் அறிவிக்கப்படுகின்றது. அத்தகைய மனநிலை இன்றி அளவையியல் கற்பவர் வாதத்தில் வெல்லலாம். அறிவில் வளர மாட்டார்.

நமக்கு எதிரான போலி நியாயம் எவ்வளவு பெரிய அநீதிக்கு வழிகோலும் என்பதை நாம் அனுபவித்து அறிந்திருக்கிறோம். அதனை எதிர்த்துச் சான்று எங்கே எனக் கேட்கும் தார்மீக உரிமை, நமக்குச் சாதகமான கதைகளிடமும் அதே கேள்வியைக் கேட்பவர்களுக்கே முழுமையாக உரியது. அடுத்த முறை வட்ஸ்அப்பில் மனதிற்கு இதமான ஒரு செய்தி நம்மை வந்தடையும்போது, அதனைப் பிறருக்கு அனுப்பும் முன்னர், மகனை அடக்கம் செய்த நாளில் தமக்குச் சாதகமான ஒரு பேச்சை மறுத்துரைத்த நபி (ஸல்) அவர்களை ஒரு கணம் நினைத்துக்கொள்வோமாக.